செங்குன்றம் தண்டவாளத்தைத் தேடுவது எப்படி

செங்குன்றத்தில் இன்று ரயில் நிலையம் கிடையாது. நெல் மண்டி இருக்கிறது, அரிசி ஆலைகள் இருக்கின்றன, விடிவதற்கு முன்பே, சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜிஎன்டி ரோட்டை அடைத்துக்கொண்டு லாரிகள் நிற்கின்றன. ரயில் பிடிக்க ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ போக வேண்டும். ஆனால் பம்பாய்க்கும் தாணேவுக்கும் நடுவில் ரயில் ஓடுவதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 1837-இல், இங்கே இருக்கும் புழல் ஏரிப் பக்கத்திலிருந்து சென்னை சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை தண்டவாளத்தில் வண்டி ஓடியிருக்கிறது. ரெட் ஹில் ரயில்ரோடு என்பது அதன் பெயர். ஏழெட்டு வருஷம் ஓடி, 1845 வாக்கில் முடிந்துபோனது.

நான் சாலை வேலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தடத்தின் பின்னால் அலைகிறேன். தெரிந்தவர்கள் சிலர், "நாங்களும் தேடிப் பார்க்கலாமா, எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வீணாக்கிய இரண்டு வருஷத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம்.

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள். செம்மை, குன்றம்: செங்குன்றம். ஆங்கிலத்தில் ரெட் ஹில்ஸ். அந்தச் சிவப்புக்குக் காரணம் செம்புராங்கல். புவியியல் புத்தகத்தில் லேட்டரைட் என்று இருக்கும். வெட்டும்போது இளக்கமாக இருந்து, வெயிலும் காற்றும் பட்டபின் இறுகுகிற கல். உடைத்துப் பரப்பித் தண்ணீர் விட்டு இடித்தால், அதில் இருக்கும் மண்ணே சரளையைப் பிடித்துக்கொள்ளும். தார் வருவதற்கு முந்தைய காலத்தில் ரோடு போடுகிறவனுக்கு இதைவிட வாகான பொருள் கிடைக்காது. பழைய மதராஸ் வீதிகள் சிவப்பாக இருந்தன என்று வந்துபோன வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருப்பதும் இதனால்தான்.

அதாவது இந்தத் தண்டவாளம் போட்டதே ரோடு போடக் கல் கொண்டுவரத்தான். ஆள் ஏற்றுவது யார் மனசிலும் இல்லை. இதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஏனென்றால் நான் முதல் ஒரு வருஷம் முழுக்க ரயில்வே சரித்திரப் புத்தகங்களிலேயே தேடிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே பத்தி, ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது. ஒரு நாள்தான் புத்தியில் தட்டியது: 1837-இல் ரயில்வே என்று ஒரு இலாகாவே கிடையாதே! மதராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்தில் நிலையம் திறந்து வாலாஜா ரோடு வரை ரயில் விட்டது 1856-இல். அதற்கு இருபது வருஷம் முந்தைய தடத்தின் காகிதம் ரயில்வே அலமாரியில் எப்படி இருக்கும்? ரோட்டுக் காகிதங்களோடுதான் இருக்கும். நான் ரோட்டு ஆள். எனக்கே இது உறைக்க ஒரு வருஷம் ஆயிற்று.

சரி, ஆண்டுகளை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். இந்தத் தடத்துக்குச் சிலர் 1836 என்பார்கள், சிலர் 1837 என்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று அடிப்பதில்லை. சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே 1836-இல் பரீட்சார்த்தமாக ஒரு சிறிய துண்டு போட்டுப் பார்த்தார்கள். ஏரிப் பக்கத்திலிருந்து வண்டி ஓடியது அடுத்த வருஷம். "முதல் ரயில் 1853" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததும் தப்பில்லை. 1853 ஏப்ரல் 16-இல் பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் போனதுதான் பயணிகளை ஏற்றிய முதல் ரயில். அதற்கு முன்னால் ஓடியவை கல்லும் மண்ணும் சுமந்தவை. இங்கே செங்குன்றம், கோதாவரி அணைக்காகத் தவளேஸ்வரம், 1851-இல் கங்கைக் கால்வாய் வேலைக்காக ரூர்க்கி. மூன்றுமே ரயில் விடுவதற்காகப் போட்டவை இல்லை. வேறொரு வேலைக்குத் துணையாகப் போட்டவை. அந்த வேலையைப் பிடித்தால் ரயில் கிடைக்கும்.

நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள். என்ன சொல்கிறார்கள், யார் சொல்கிறார்கள், எந்த வருஷத்தில் சொன்னார்கள். மூன்றாவது பத்திதான் முக்கியம். 1840-க்குள் எழுதியவருக்கு ஒரு மதிப்பு, 1900-இல் எழுதியவருக்கு ஒரு மதிப்பு, போன வருஷம் கைப்பேசியில் வந்ததற்கு ஒரு மதிப்பு. இன்னொன்று: ஒருவர் சொன்னதைப் பத்துப் பேர் திரும்பச் சொன்னால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரு சாட்சிதான்.

இந்தத் தடத்தை யோசித்துச் செய்தவர் என்று ராணுவப் பொறியாளர் கேப்டன் ஆர்தர் காட்டனைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அதே 1836-இல் அவர் பெயர் கொள்ளிடத்திலும் வருகிறது. முக்கொம்பில் மேலணையும் கீழே அணைக்கரையும் அந்த வருஷத்து வேலைகள். ஒரே ஆள் திருச்சியிலும் சென்னையிலும் தினமும் நின்று மேஸ்திரி வேலை பார்த்திருக்க முடியாது. ஆகவே 'காட்டன் கட்டினார்' என்று எங்கே படித்தாலும், திட்டம் யாருடையது, வேலையிடத்தில் நின்றது யார் என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பொறியாளர் படையில் யார் எந்த வருஷம் எங்கே இருந்தார் என்பது அந்தந்த வருஷத்து ஆல்மனாக்குகளில், அதாவது ஆண்டுக் கையேடுகளில், பட்டியலாக அச்சாகியிருக்கும். அவற்றில் பல இன்று இணையத்திலேயே வருடிய பிரதிகளாகக் கிடைக்கின்றன. காட்டனின் மகள் 1900-இல் அப்பாவின் வாழ்க்கையைப் பெரிய புத்தகமாக எழுதினார். அதையும் படிக்கலாம், மகள் எழுதியது என்பதை மனசில் வைத்துக்கொண்டு.

காட்டன் பற்றி ஒரு வார்த்தை. தண்டவாளத்தில் இவ்வளவு சீக்கிரம் கைவைத்த அந்த மனிதர்தான், பிற்காலத்தில் இந்தியாவுக்கு ரயில் எதற்கு, கால்வாய் வெட்டுங்கள், படகில் சரக்குப் போகட்டும், பாசனமும் ஆகும் என்று கடைசிவரை வாதாடினார். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். அவருடைய பிற்கால எழுத்தைப் படிக்கும்போது, கல் வண்டி ஓட்டிப் பார்த்தவர் பேசுகிறார் என்று வைத்துப் படித்துப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

இணையத்தில் தேடும்போது சொல்தான் எல்லாம். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் இன்றைய கட்டுரைகள்தான் வரும். ஆங்கிலத்தில் தேடுகையில் 'ஹில்ஸ்' என்று பன்மையில் போடாமல் 'ஹில்' என்றும், 'ரயில்வே'க்குப் பதிலாக 'ரயில்ரோடு' என்றும் போடுங்கள். சிந்தாதிரிப்பேட்டையை அன்றைய குமாஸ்தாக்கள் 'பெட்டா' என்று முடிகிற மாதிரி நாலைந்து விதமாக எழுதினார்கள். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் ஊர்ப் பெயரையே விட்டுவிட்டு, 'லேட்டரைட்' என்ற சொல்லையும் மதராஸையும் சேர்த்துத் தேடுங்கள். வருஷத்தை 1832-இலிருந்து 1846 வரை என்று கட்டிவிடுங்கள். எனக்குப் புது வாசல் திறந்தது அப்போதுதான்.

எழும்பூரில் காந்தி இர்வின் சாலையில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவது அடுத்த கட்டம். என்ன ஆய்வு என்று ஒரு கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள். அங்கே போய் "ரயில்வே ஃபைல் வேண்டும்" என்று கேட்டால் 1850-களுக்குப் பிந்தையதுதான் கைக்கு வரும். பொதுப்பணித் துறை என்று கேட்டாலும் அதே கதை. அந்த இலாகா உருவானது 1858-இல். அதற்கு முன் கட்டட, சாலை வேலைகள் ராணுவ போர்டிடமும் ரெவின்யூ போர்டின் மராமத்துப் பிரிவிடமும் பிரிந்து கிடந்தன. ஆகவே கேட்க வேண்டியது 1835 முதல் 1845 வரையான இந்த இரண்டு போர்டுகளின் நடவடிக்கைத் தொகுதிகளும், அவற்றுக்கான அட்டவணைப் புத்தகங்களும். அட்டவணையில் முதலில் 'ரோடு', அப்புறம் 'லேட்டரைட்', கடைசியாகத்தான் 'ரயில்' பார்க்க வேண்டும். கிடைத்த இடத்தில் தேதியையும் பத்தி எண்ணையும் குறித்துக்கொள்ளாமல் எழுந்திருக்கவே கூடாது. நான் அப்படி எழுந்து வந்துவிட்டு, அதே பக்கத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க மூன்று நாள் போனேன்.

கையெழுத்துக்குப் பயப்படாதீர்கள். நல்ல குமாஸ்தாக் கைதான், ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். கணக்கு வரும் இடத்தில் நிதானம் வேண்டும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. வராகன் என்ற பழைய பொற்காசுக் கணக்கு 1818-உடன் ஒழிந்துவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை. கல்லின் அளவு கன கஜத்தில் வரும். நான் ரோட்டு எஸ்டிமேட் போட்டவன் என்பதால் எனக்கு இந்தப் பகுதி விருந்து. உங்களுக்கு அலுப்பாக இருந்தால், குறைந்தபட்சம் மாட்டு வண்டியில் கல் வர என்ன கூலி என்பதையாவது பாருங்கள். தண்டவாளம் எதற்காகத் தேவைப்பட்டது என்பது அந்த எண்ணில்தான் இருக்கும்.

இப்போது வரைபடம். என் பெரிய தப்பு இங்கேதான்.

புழல் ஏரிக்குத் தென்புறமிருந்து கீழ்ப்பாக்கம் நோக்கி, ஊர் எல்லை, வயல், வாய்க்கால் எதையும் லட்சியம் செய்யாமல் ஒரு கோடு போவதை ஒரு பழைய நிலவரைபடத்தில் பார்த்தேன். சட்டென்று திரும்பவில்லை, ஏற்ற இறக்கம் இல்லை. கீழ்ப்பாக்கத்தைத் தாண்டினால் சிந்தாதிரிப்பேட்டை பக்கம்தான். என் கை நடுங்கியது. மூன்று மாதம் அந்தக் கோட்டை டிரேசிங் காகிதத்தில் எடுத்து, இன்றைய படத்தின் மேல் வைத்து, தெருத் தெருவாகப் பெயர் எழுதினேன். நண்பர்களுக்கு மடல் எழுதினேன். ஒரு காலை கொளத்தூர் பக்கம் நின்று அளந்துகொண்டிருந்தபோது, எதிர்த் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

"இன்னா சார், காலையிலேருந்து இன்னா அளக்குறீங்க?"

சொன்னேன். ரயில், 1837, காட்டன், எல்லாம்.

"ரயிலா? ஐய, அது குடிதண்ணி போற லைன் சார். புழல்லேருந்து கீழ்ப்பாக்கத்துக்கு. எங்க தாத்தா காலத்துலேருந்து அதான்."

அவர் சொன்னதுதான் சரி. சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கும் திட்டத்தில் 1872-இல் புழல் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை திறந்த மண் கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் தன் எடையிலேயே ஓடி வந்து கீழ்ப்பாக்கத்தில் விழுந்தது. நான் தண்டவாளம் என்று கொண்டாடியது அந்தக் கால்வாயின் தடம். எனக்குத் தண்ணீர் விஷயம் தெரியாததா? புழல் ஏரி 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் என்று பேப்பரில் தினமும் படிக்கிறவன்தானே! ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஆகவே வரைபட வேலையில் முதலில் செய்ய வேண்டியது, நீங்கள் தேடாததை எல்லாம் கழிப்பது. ஏரிக்கும் நகரத்துக்கும் இடையில் நேராக எது போனாலும், அது குடிநீர்த் தடமா, உபரிநீர்க் கால்வாயா, ரோடா என்று தனித்தனி நிறத்தில் வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் மிஞ்சுகிற கோடுகளை மட்டும் சந்தேகப்படலாம். இரண்டாவது, வரைபடத்தின் வருஷம். இந்தத் தடத்தின் ஆயுள் ஏழெட்டு வருஷம்தான். 1822-ஐச் சேர்ந்த அளவைப் படத்தில் அது இருக்காது, ஏனென்றால் பிறக்கவில்லை. ஃபரோ கம்பெனி 1854-இல் மதராஸில் அச்சிட்ட தென்னிந்திய அட்லஸ் வரும்போது மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. இரண்டு அளவைகளுக்கு நடுவில் பிறந்து செத்த பிள்ளை அது. படத்தில் காணோம் என்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

படத்துக்கு மேல் நிலப்பதிவு. கிராம வரைபடமும், ஒவ்வொரு புலத்துக்கும் உள்ள அளவைப் படமான புலப்படமும், எந்தப் புலம் என்ன வகை என்று எழுதிய அ-பதிவேடும் பாருங்கள். ஒரு தடம் அழிந்தாலும் அது கிடந்த நிலம் பட்டா ஆகாமல் நீளமான, ஒடுக்கமான புறம்போக்காக நின்றுவிடுவது உண்டு. வண்டிப்பாதை என்று பதிவாகியிருக்கும், அல்லது வெறுமனே சர்க்கார் புறம்போக்கு என்று. அந்த மாதிரித் துண்டுகள் அடுத்தடுத்த புலங்களில் ஒரே திசையில் தொடர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். ஒற்றைத் துண்டு எதையும் நிரூபிக்காது. ரயில் தடம் என்றால் பெரிய வளைவாகத்தான் போகும் என்பது பிற்கால ரயிலுக்குப் பொருந்தும். மாடும் இழுத்த ஒரு கல் வண்டித் தடத்துக்கு அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. கோயில் குளத்தைச் சுற்றிக்கூடப் போயிருக்கலாம்.

மாடு என்றதும் எஞ்சினையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது ஏவரி வகைச் சுழல் எஞ்சின். நாம் படத்தில் பார்க்கிற மாதிரி உருளையும் தண்டும் முன்னும் பின்னும் போய்வருகிற எஞ்சின் இல்லை. அச்சில் உள்ளீடற்ற இரண்டு கைகள். கைகளின் நுனியில் ஓட்டை. அதன் வழியே நீராவி பீறிட, கைகள் எதிர்த்திசையில் சுற்றும். தீபாவளிச் சங்குசக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். சங்குசக்கரம் சுற்ற ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியாத வேகம். ஆனால் ஆரம்பத்தில் காலால் தடுத்தால் நின்றுவிடும். வேகம் உண்டு, நின்ற இடத்திலிருந்து இழுக்கிற பலம் குறைவு. கல் ஏற்றிய வண்டிக்கு வேண்டியது இரண்டாவது. விலங்குகளையும் கட்டி இழுத்தார்கள் என்று படிக்கும்போது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

இழுப்புக்குச் சாதகமாக ஒன்று இருந்தது. 1872-இல் புழல் தண்ணீர் பம்பு இல்லாமல் கீழ்ப்பாக்கத்துக்கு ஓடியது என்றால், நிலம் ஏரியிலிருந்து நகரத்தை நோக்கிச் சரிகிறது என்று அர்த்தம். கல் ஏற்றிய வண்டி சரிவில் இறங்கியது, காலி வண்டி மேலே ஏறியது. என்னை மூன்று மாதம் ஏமாற்றிய கால்வாய் பதிலுக்கு இதைக் கொடுத்தது.

கடைசியாக நடை. மொத்தத்தில் ஆகாய மார்க்கமாக 15 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் மூன்று காலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கல் போன திசையிலேயே போங்கள், ஏரியிலிருந்து கூவம் ஆற்றுக்கு. செங்குன்றத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கரைக்கு ஓடாதீர்கள். அது குடிநீர் ஏரி, அனுமதி இல்லாத இடத்தில் ஏறினால் துரத்துவார்கள், அது நியாயமும்கூட. ஊருக்குள் எங்காவது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தால் நின்று பாருங்கள். நாலடிக்குக் கீழே மண் என்ன நிறம், கெட்டியா, உதிர்கிறதா என்று. கல் எங்கே வெட்டியிருப்பார்கள் என்பதை மேலே இருக்கும் கட்டடங்களைவிட அந்தக் குழி நன்றாகச் சொல்லும்.

வழியில் பெரியவர்களைப் பேச வையுங்கள். ஆனால் 1845-இல் நின்றுபோனதை ஞாபகம் வைத்திருப்பவர் யாரும் இருக்க முடியாது. 'ரயில் ஓடிய இடம்' என்று யாராவது காட்டினால், அது எந்தக் காலத்து ரயில் என்று பொறுமையாகக் கேளுங்கள். எதைத் தேடுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஜனங்கள் நம் மனசு குளிரப் பதில் சொல்லிவிடுவார்கள். "இங்கே முன்னாடி என்னங்க இருந்தது?" என்று மட்டும் கேட்டால் போதும். கொளத்தூர்ப் பெரியவரிடம் நான் அப்படிக் கேட்கவில்லை. அவர் மனசு குளிர வைக்கிற ரகம் இல்லாததால் தப்பித்தேன்.

முடிவில் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் இப்படி மருவியது என்பார்கள். 1734-இல் நெசவாளர்களுக்காகக் கூவம் வளைவில் அமைத்த பேட்டை. காகிதத்தில் வரும் 'சிந்தாதிரிப்பேட்டைப் பாலம்' இன்று நீங்கள் கடக்கிற பாலம்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூவத்தின் மேல் இந்தப் பக்கத்தில் பாலங்கள் பல, திரும்பத் திரும்பக் கட்டியவை. 1830-களுக்கு நெருக்கமான படத்தில் பேட்டையைச் சுற்றி எந்தெந்த இடத்தில் பாலம் குறித்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த இடங்களுக்குப் போய் நில்லுங்கள். சிலவற்றில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

திரும்பி வர ரயில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து 1995-இல் திறந்த பறக்கும் ரயில் பாதையில், கூவத்தின் பக்கத்திலேயே தூண்கள் மேல் சிந்தாதிரிப்பேட்டை நிலையம். படி ஏறிப் போனால் மேலே காற்று நன்றாக வரும். நான் வழக்கமாக ஒரு ரயிலை விட்டுவிட்டு, அன்றைய நோட்டை அங்கே உட்கார்ந்து எழுதி முடித்த பிறகுதான் அடுத்ததில் ஏறுவேன். வீட்டுக்குப் போனால் எழுத மாட்டேன்.